ஓட்டுநர் அறையில் ஒழுகும் மழைநீர்

கொங்கணத்திலும் அஸ்ஸாமிலும் களப்பணிக்குச் செல்லும் பழைய பிக்கப் வண்டிகளில் மழைக்காலத்தில் ஓட்டுநர் அறையினுள் நீர் தேங்குவதுண்டு. தரைவிரிப்பின் அடியில் நிற்கும் நீர், கண்ணுக்குப் புலப்படாமலே தகட்டைத் துருப்பிடித்து அரிக்கிறது. இருக்கைக்குப் பின்னுள்ள மண் மாதிரிகளும் பதிவேடுகளும் பாழாகின்றன.

நீர் சொட்டும் இடமும் நுழையும் இடமும் பெரும்பாலும் வேறு. தகட்டில் ஒட்டும் இயல்பினால் நீர் கூரையின் உட்புறமாக ஊர்ந்து, ஒரு மடிப்பை அடைந்த பின்னரே சொட்டுகிறது. ஈரம் கண்ட இடத்தில் பசை பூசுவது வீண்.

விரிப்பை அகற்றித் தரையை உலர்த்தியபின் ஒருவர் உள்ளே கைவிளக்குடன் அமரவேண்டும். மற்றவர் குழாய்நீரை மெதுவாக, முதலில் கதவின் கீழ்ப்பாகத்திலும், பின்பு முன்கண்ணாடியின் அடிவிளிம்பிலும், இறுதியில் கூரையிலும் விடவேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழியும் நீர் அனைத்தையும் நனைத்துக் காரணத்தை மறைத்துவிடும். ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் பொறுத்தல் அவசியம். அவசரக்காரர்களுக்கு இவ்வேலை ஒவ்வாது. ஐயத்துக்குரிய மூட்டின் உட்புறத்தில் சாக்குக்கட்டித் தூளைத் தடவினால் நீரோடிய தடம் தெரியும்.

கதவுக் கண்ணாடியை ஒட்டி நீர் கதவுக்குள் இறங்குவது இயல்பே. அது அடியிலுள்ள துளைகளின் வழியே வெளியேறும். துளைகள் சேற்றால் அடைபட்டாலோ, உட்பலகைக்குப் பின்னுள்ள பிளாஸ்டிக் தாள் கிழிந்தாலோ அந்நீர் அறைக்குள் வந்துவிடும். மெல்லிய கம்பியால் துளைகளைத் திறப்பதற்குச் செலவில்லை. வெயிலில் இறுகி வெடித்த முன்கண்ணாடி ரப்பரையோ மாற்றியே தீரவேண்டும். மேற்பூச்சு நெடுநாள் நில்லாது. அதன் கீழுள்ள காற்றுவழியில் சேரும் சருகுகளையும் பருவமழைக்கு முன் அகற்றிவிடுதல் நலம்.