தென்னையை வெட்டுமுன் நிழலைப் பாருங்கள்

ஆஸ்ட்ரோ படம் நின்றுபோனால் முதல் பழி மரத்தின் மீதுதான் விழும். ஜாசினிலும் அலோர் காஜாவிலும் தோட்ட லயங்களை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிவந்தவர்கள் ஆசையாக நட்டு வளர்த்த தென்னையும் மாமரமும் வெறும் சந்தேகத்தின் பேரில் சாய்க்கப்படுகின்றன. பல வருடம் வளர்ந்த மரம் அரை நாளில் போய்விடும். படம் மட்டும் வராது. பல நேரங்களில் அந்த மரத்துக்கும் படத்துக்கும் சம்பந்தமே இருக்காது.

துணைக்கோளம் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் இந்தக் குழப்பம் தீரும். ஆஸ்ட்ரோவுக்கும் இலவச என்ஜோய்க்கும் ஒளிபரப்பை இறக்கும் மீசாட் துணைக்கோளங்கள், பூமத்திய ரேகைக்கு நேர் மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில் இருக்கின்றன. முதல் மீசாட் 1996 ஜனவரியில் ஏவப்பட்டது. மீசாட்-3டி 2022 ஜூனில் போனது. (அதே ராக்கெட்டில்தான் இந்தியாவின் டாட்டா பிளே சேவைக்கான ஜிசாட்-24உம் ஏறிப் போனது. தமிழ்நாட்டு வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் ஒரே லாரியில் சாமான் ஏற்றிய மாதிரி!)

மலாக்காவில் நின்று பார்த்தால் அந்த இடம் மேற்கே, சற்றே தெற்குப் பக்கமாக, தரையிலிருந்து சுமார் 77 பாகை உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே.

பிரிட்டனில் கேரவன் வண்டியை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்களுக்கு இந்த வசதி இல்லை. லண்டனிலிருந்து அவர்களுடைய துணைக்கோளம் சுமார் 25 பாகை உயரத்தில்தான் தெரியும். டிஷ்ஷைவிட 10 மீட்டர் உயர்ந்த மரம் அந்தத் திசையில் இருந்தால் 20 மீட்டருக்கும் மேல் தள்ளி நிற்க வேண்டும். நமக்கு அதே மரத்திலிருந்து இரண்டரை மீட்டர் விலகினால் போதும். மரம் டிஷ்ஷைவிட எவ்வளவு உயரமோ, அதில் கால் பங்கு இடைவெளி. அவ்வளவுதான் கணக்கு.

ஆனால் அளவைத் தண்டிலிருந்து எடுக்கக் கூடாது, இலை நுனியிலிருந்து எடுக்க வேண்டும். செம்பனை மட்டை ஐந்தாறு மீட்டர் நீளும். தண்டு வேலிக்கு அப்பால் இருக்கும், மட்டை டிஷ்ஷுக்கு மேலே ஆடிக்கொண்டிருக்கும். அப்போதும் அந்த மட்டையைக் கழித்தால் போதும்.

டிஷ்ஷின் முகத்தைப் பார்த்துத் திசையை முடிவு செய்வதும் தப்பு. அது பக்கத்து வீட்டு மாடியைப் பார்ப்பது போலத் தெரியும். நம் வீட்டு டிஷ்ஷின் அமைப்பு அப்படி. முகம் காட்டும் திசையைவிட நன்றாக மேலே இருந்துதான் அலையை வாங்குகிறது. அதனால் எதிரே நிற்கும் மரத்தைவிட, மேலே நீண்டிருக்கும் கூரை ஓரமோ, புதிதாகப் போட்ட வாசல் தகரமோ, கல்யாணத்துக்குக் கட்டிய கூடாரமோ மறைக்க வாய்ப்பு அதிகம்.

சரி, எப்படிச் சோதிப்பது? வருடத்தில் இரண்டு முறை சூரியனே வந்து காட்டிக்கொடுக்கும். மார்ச் 20ஐ ஒட்டியும் செப்டம்பர் 23ஐ ஒட்டியும் சில நாள்களுக்கு, பகல் 2 மணி வாக்கில், மலாக்காவிலிருந்து பார்க்கையில் சூரியன் துணைக்கோளத்துக்கு நேர் பின்னால் வரும். அப்போது டிஷ் முழுவதும் வெயில் பட்டால் வழி சுத்தம். நிழல் விழுந்தால், எந்தக் கிளையின் நிழலோ அந்தக் கிளைதான் காரணம். அந்த நாள்களில் சில நிமிடம் படம் தானாகவே தடுமாறலாம். சூரியனின் இரைச்சல்தான் காரணம், பழுது இல்லை.

மற்ற நாள்களில் டிஷ் பக்கத்தில் மேற்கு நோக்கி நின்று, நேர் மேலே பாருங்கள். கையை நீட்டிப் பிடித்தால் ஒரு முட்டி சுமார் 10 பாகை. உச்சியிலிருந்து ஒரு முட்டியும் இன்னும் கொஞ்சமும் மேற்கே இறங்கி, சற்று இடப்பக்கம். அங்கே இலையில்லாத வானம் தெரிய வேண்டும். தஞ்சோங் பிடாரா கடற்கரைக்கு வேனில் டிஷ்ஷோடு போகிறவர்களுக்கும் இதே சோதனைதான். மரத்தடி நிழலில் வண்டியை விட்டாலும், டிஷ்ஷை வெளியே வெட்டவெளியில் வைக்கத்தான் வேண்டும்.

வானொலிக்காரி என்பதால் ஒன்று சொல்கிறேன். பண்பலை அலை ஒன்றின் நீளம் சுமார் 3 மீட்டர். மரத்தைச் சுற்றி வளைந்து வந்துவிடும். ஆஸ்ட்ரோ அலை இரண்டரை சென்டிமீட்டர்தான். ஈர இலைக்கொத்து போதும், உறிஞ்சிவிடும். கனமழையே பாதையை மூடிவிடும். அதற்கு யாரும் எதுவும் செய்ய முடியாது, மழை விடும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் அதே மழையில் பக்கத்து வீட்டில் படம் ஓடி உங்கள் வீட்டில் மட்டும் நின்றால், கிளை பாதி மறைக்கிறது அல்லது டிஷ் சற்று நகர்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்ய மழை ஈரத்தோடு தகரக் கூரையில் ஏறாதீர்கள். மின்கம்பியை ஒட்டிய கிளையைத் தொடவே வேண்டாம். ஆளைக் கூப்பிடும்போது, "எந்தக் கிளை" என்று நீங்களே விரல் நீட்டிக் காட்டினால் வந்தவருக்கும் வேலை சுருக்கம், உங்களுக்கும் ரிங்கிட் மிச்சம்.