ஓசூரா, பெங்களூரா? குடியிருக்க இடம் தேடும் குடும்பங்களுக்கு

பெங்களூரில் பிழைப்பவர் ஒருவரும் இல்லாத தெரு நம் மறைமாவட்டத்துப் பங்குகளில் அரிது. கட்டட வேலைக்கும், கணினி அலுவலகத்துக்கும், மருத்துவமனைப் பணிக்கும், காவற்பணிக்குமாக நம் இளைஞர் ஆண்டுதோறும் சென்ற வண்ணம் உள்ளனர். முதலில் ஒருவர் தனியே செல்கிறார். நால்வர் கூடிய ஓர் அறையில் தங்குகிறார். ஈராண்டு கழிந்தபின் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள எண்ணும்போதுதான் எந்தப் பகுதியில் குடியிருப்பது என்னும் கேள்வி எழுகிறது.

இதற்கு விடை தேடும் குடும்பத் தலைவர் பெரும்பாலும் இரண்டை மட்டுமே விசாரிக்கிறார். வாடகை எவ்வளவு? நம்மவர் யாரேனும் அங்கே உண்டா? இரண்டும் கேட்க வேண்டியவையே. ஆனால் இவை போதா. தகப்பன் அவ்வீட்டில் கண்விழித்திருக்கும் நேரம் சிறிது. பகல் முழுதும் அங்கே வாழப்போகிறவள் தாய். அத்தெருவில் நடந்து பள்ளி செல்லப்போவது பிள்ளை. ஆகவே இடம் தேர்வது இவ்விருவரையும் முன்வைத்தே அமைய வேண்டும் என்பது நம் கருத்து. நம் பகுதியினருக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. மாநில எல்லைக்கு இப்பால் ஓசூரில் இருப்பதா, அப்பால் சென்று குடியேறுவதா என்பதே அது.

நம்மவர் பெங்களூர் செல்வது இன்று நேற்றுத் தொடங்கியதன்று. ஆங்கிலேயர் 1809-ஆம் ஆண்டில் தங்கள் படையை ஸ்ரீரங்கப்பட்டினத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றிப் பாளையம் அமைத்தபோது, சென்னைப் படையோடு தமிழர் பலர் சென்றனர். அவர்களைத் தொடர்ந்து வணிகரும், கொத்தரும், சமையற்காரரும், சலவைத் தொழிலாளரும் சென்றனர். மைசூர் மன்னரின் நாட்டுக்குள்ளே இருந்தும், அப்பாளையப் பகுதி 1947 வரை ஆங்கில ஆட்சியிலேயே இருந்தது. பிரேசர் டவுன், காக்ஸ் டவுன், ஆஸ்டின் டவுன் என அங்குள்ள பெயர்கள் அக்காலத்தவை. சிவாஜிநகரிலும் அல்சூரிலும் தமிழ் ஒலிப்பது இவ்வரலாற்றினாலேயே. 1882-இல் எழுப்பப்பட்ட சிவாஜிநகர் புனித மரியன்னை பேராலயத்தில் செப்டம்பர் 8-ஆம் நாள் விழாவுக்குக் கூடும் கூட்டத்தைக் கண்டவர், தாம் வேற்று மாநிலத்தில் இருப்பதையே சற்று மறந்துபோவர்.

ஆகவே, "மாதா கோயில் பக்கம் போய் வீடு பார்" என்று முதியோர் கூறுவது வியப்பன்று. அவர்கள் காலத்தில் அது சிறந்த அறிவுரை. வேலையும் அங்கேதான் இருந்தது. இன்று நம் இளைஞருள் பலருக்கு வேலை நகரின் தென்கோடியில், எலெக்ட்ரானிக் சிட்டியிலும் பொம்மசந்திராத் தொழிற்பேட்டையிலும் உள்ளது. பாளையப் பகுதியிலிருந்து நாள்தோறும் அங்கே சென்று திரும்புவது பெருஞ்சுமை. வாடகையும் எட்டாத உயரம். பாட்டனார் வாழ்ந்த தெருவில் பேரனும் வாழ்ந்தாக வேண்டும் என்பதில்லை. விழாவுக்கும் ஞாயிறு சிலவற்றுக்கும் சென்று வரலாம்.

நம்மவர் நம்மவரோடு நெருங்கி வாழ விரும்புவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அதை மறைப்பதில் பயனில்லை. காவிரிப் பிணக்கை ஒட்டி 1991 டிசம்பரில் பெங்களூரில் தமிழருக்கு நேர்ந்தவற்றை மறவாத குடும்பங்கள் இன்றும் உள்ளன. 2016 செப்டம்பரிலும் வண்டிகள் எரிந்தன. பேருந்துகள் எல்லையில் நின்றன. மக்கள் மூட்டையும் பிள்ளையுமாக எல்லையைக் கால்நடையாகக் கடந்தனர். இவ்வச்சத்தை எவரும் எள்ளி நகையாடலாகாது. எனினும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் சில நாட்களுக்காக மற்றெல்லா நாட்களையும் நெருக்கடியான ஒரு சந்தில் கழிப்பது அறிவுடைமையாகத் தோன்றவில்லை. தாயும் பிள்ளையும் கன்னடம் பேசக் கற்றுக்கொள்வதே பெருங்காவல். பால்காரரிடமும் அண்டை வீட்டுப் பெண்மணியிடமும் அவர்கள் மொழியில் நலம் விசாரிக்கும் குடும்பம் எந்தத் தெருவிலும் அந்நியமாய் நில்லாது.

இனி ஓசூரை நோக்குவோம். நம் மறைமாவட்டத்துக்குள் அடங்கிய நகர் இது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் ஆகிய ஆலைகளால் வளர்ந்து, 2019-இல் மாநகராட்சியாக உயர்ந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் ஊர். குடும்ப அட்டையை மாற்ற அலையவேண்டாம். சனிக்கிழமை மாலை புறப்பட்டால் இரவு உணவுக்குத் தருமபுரியில் தாய் தந்தையரோடு அமரலாம். எலெக்ட்ரானிக் சிட்டி ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தூரமே.

தூரம் குறைவுதான், நேரம் அவ்வாறன்று. காலையில் ஜூஜூவாடி, அத்திப்பள்ளி வழியே செல்லும் நெடுஞ்சாலையில் வண்டிகள் நிற்கும் வரிசையை அறிந்தவர் அறிவர். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்று கொள்வோம். வாரத்தில் ஆறு நாள் வேலையெனின் பதினெட்டு மணி நேரம் பேருந்திலே கழிகிறது. பிள்ளை விழிக்குமுன் புறப்பட்டு, உறங்கியபின் வீடு சேரும் தகப்பனுக்கு ஓசூரின் குறைந்த வாடகை உண்மையில் எவ்வளவு என்பதைக் கணவனும் மனைவியும் கூடி அமர்ந்து கணக்கிட வேண்டும்.

எல்லைக்கு அப்பால் சென்றால் தகப்பனுக்கு நேரம் மிஞ்சும். ஆனால் பாரம் பிள்ளையின் தலைக்கு மாறும். கர்நாடகப் பள்ளிகளில் கன்னடம் கற்பிக்கப்பட வேண்டும் என 2015-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்துள்ளது. மழலைப் பள்ளிக்கோ முதல் வகுப்புக்கோ செல்லும் குழந்தைக்கு இது பாரமே அன்று. ஆறு மாதத்தில் தாய்க்கே கற்றுக்கொடுக்கும். ஏழாம் வகுப்பில் தமிழில் முதல் மதிப்பெண் வாங்கிய சிறுமியின் நிலை வேறு. புதிய எழுத்தை அரிச்சுவடியிலிருந்து தொடங்கும் அவள், தன்னைவிட ஆறு வயது இளைய பிள்ளைகள் அறிந்ததை அறியாதவளாய் வகுப்பில் அமர்கிறாள்.

அன்றியும், தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை பயின்றோருக்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 முதல் நடைமுறையில் உள்ளது. இடையில் ஓராண்டு வேற்று மாநிலத்தில் பயின்றாலும் அத்தகுதி போய்விடும். (நம் உதவி பெறும் பள்ளிகளில் பயில்வோர் இவ்வொதுக்கீட்டில் சேரார் என்பதையும் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும்.) இங்கே பெற்ற சாதிச் சான்றிதழைக் கொண்டு அங்கே மாநில ஒதுக்கீட்டில் இடம் கேட்பதும் இயலாது.

எனவே நம் முடிவு இது. மூத்த பிள்ளை இன்னும் இரண்டாம் வகுப்பைத் தாண்டவில்லையெனில் துணிந்து அப்பால் செல்லலாம். ஆறாம் வகுப்பை எட்டிவிட்டால் பள்ளிப் படிப்பு முடியும்வரை ஓசூரே நலம். பயணச் சுமையைத் தகப்பனே ஏற்கட்டும். இடைப்பட்ட வயதினருக்குப் பிள்ளையின் இயல்பறிந்து பெற்றோரே தீர்மானிக்க வேண்டும்.

அப்பால் செல்வோருக்கு அண்மையில் ஒரு வசதி வந்துள்ளது. பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. சாலை வரை 19 கிலோமீட்டர் நீளமுள்ள மெட்ரோ ரயில் பாதை 2025 ஆகஸ்டு மாதம் திறக்கப்பட்டது. பதினாறு நிலையங்கள். நகரின் மற்றப் பாதைகளோடு இணைவதால், தென்கோடியில் குறைந்த வாடகைக்குக் குடியிருந்து நகர நடுவில் வேலை செய்வது இயல்வதாயிற்று. ஆனால் நிலையத்துக்கு நடக்கும் தொலைவில் வீடு வேண்டும். ஆட்டோவுக்கு நாள்தோறும் அழுதால் மிச்சம் ஏது? மெட்ரோ ஓசூருக்கே வரப்போகிறது என்று கூறி மனை விற்போர் இருக்கின்றனர். பேச்சளவில் உள்ள ரயிலுக்கு இன்றே பணம் கொடுக்க வேண்டாம்.

தண்ணீரைப் பற்றித் தருமபுரி மாவட்டத்தாருக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. புளோரைடு கலந்த நிலத்தடி நீரால் பல் கறைபட்ட தலைமுறை நம்முடையது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வந்தபின்பே அத்துயர் தணியத் தொடங்கியது. ஒகேனக்கல்லில் நாம் காணும் அதே காவிரிதான், பெங்களூருக்கும் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டின்மேல் ஏற்றிக் கொண்டுவரப்படுகிறது. 2024 மார்ச்சில் அங்கே ஆழ்துளைக் கிணறுகள் வறண்டு, தண்ணீர் லாரிக்குக் குடங்களோடு மக்கள் காத்து நின்றதை நாடே கண்டது. அவ்வாண்டு அக்டோபரில் ஐந்தாம் கட்டக் காவிரித் திட்டம் தொடங்கி, மாநகரோடு சேர்க்கப்பட்ட 110 சிற்றூர்களுக்குக் குழாய் நீர் வழங்க வழி செய்தது. ஆயினும், மாநகர எல்லைக்கு வெளியே சந்தாபுரா போன்ற இடங்களில் பல வீடுகள் இன்னும் ஆழ்துளைக் கிணற்றையும் லாரியையும் நம்பியே உள்ளன. தரகர் எப்போதும், "தண்ணீருக்குக் குறையில்லை" என்பார். அவரைக் கேளாமல், மாடிப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருக்கும் அவ்வீட்டுப் பெண்மணியைக் கேட்க வேண்டும். ஏப்ரல் மாதத்தில் லாரிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டால் உண்மை வெளிவரும். இதற்காகவேனும் வீடு பார்க்கச் செல்லும்போது மனைவியை உடன் அழைத்துச் செல்க.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெங்களூரில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். இப்போது செவிலியராய் இங்கிலாந்து செல்லும் நம் பெண்களைக் கேட்டால் வியப்பர். அங்கே 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேல் வைப்புத்தொகை வாங்கலாகாது. லண்டனில் ஈஸ்ட் ஹாம், வெம்பிளி, டூட்டிங் போன்ற தமிழர் மிகுந்த பகுதிகளில் குடியேறுவதா, பள்ளியை நோக்கி வேறிடம் செல்வதா என்று அவர்களும் நம்மைப் போலவே கலங்குகின்றனர். அங்கே கத்தோலிக்கப் பள்ளிகள் அரசுப் பணத்தில் கட்டணமின்றி நடைபெறுகின்றன. விண்ணப்பங்கள் மிகும்போது திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தருவதும், பின்னர் வீட்டின் தூரத்தை அளந்து பார்ப்பதும் அப்பள்ளிகள் பலவற்றின் வழக்கம். ஆகவே அறிந்தவர் முதலில் பள்ளியையும் பங்கையும் தேர்ந்து, பின்பே வீடு தேடுகின்றனர். தேடும் இவ்வரிசை பெங்களூருக்கும் பொருந்தும்.

பத்து மாத முன்பணத்துக்கு அஞ்சி, நம்மவர் பலர் 'லீஸ்' எனப்படும் போக்கியத்தை நாடுகின்றனர். சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்து, மாத வாடகையின்றி இரண்டு மூன்று ஆண்டு குடியிருந்து, முடிவில் முழுப் பணத்தையும் திரும்பப் பெறுவது இம்முறை. நல்ல உரிமையாளரிடம் இது நல்ல முறையே. ஆனால் இதில் நேர்ந்துள்ள மோசடிகள் கொஞ்சமல்ல. உரிமையாளரிடம் வாடகைக்கு எடுத்த வீட்டை, இடையில் நிற்கும் ஒருவர் தம் வீடு போல் போக்கியத்துக்கு விட்டுப் பணத்தோடு மறைவதுண்டு. வங்கிக் கடனில் மூழ்கிய வீடு ஏலத்துக்கு வருவதும் உண்டு. விற்ற நிலத்தின் பணமோ, மனைவியின் நகைப் பணமோ அதில் இருக்கும். கிரயப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் உரிமையாளரின் அடையாள அட்டையையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். பணத்தை உரிமையாளரின் வங்கிக் கணக்கிலேயே செலுத்த வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை ஒப்பந்தம் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட வேண்டியது. பதினொரு மாத ஒப்பந்தமாகவே எழுதும் வழக்கம் இப்பதிவைத் தவிர்க்க எழுந்ததே. லட்சங்களைக் கொடுப்பவர் அதில் மயங்கலாகாது.

வீடு அமைந்தபின் பங்கு எது என்பதில் சிலருக்கு ஐயம் எழுகிறது. பிறந்த ஊர்ப் பங்கே தங்கள் பங்கு என்று எண்ணிப் பத்தாண்டு பெங்களூரில் வாழ்ந்தும் அங்குள்ள பங்குத்தந்தைக்கு முகம் தெரியாதோர் உளர். திருச்சபைச் சட்டத்தின் 102-ஆம் விதியின்படி, நிலையாய்த் தங்கும் எண்ணத்தோடு ஒரு பங்கின் எல்லையில் குடியேறினாலே, அல்லது ஐந்தாண்டு முழுமையாய் அங்கே வாழ்ந்தாலே, அது உறைவிடமாகிறது. மூன்று மாதமாவது தங்கும் எண்ணத்தோடு இருப்பதும், உண்மையில் மூன்று மாதம் தங்கியிருப்பதும் தற்காலிக உறைவிடமாகக் கருதப்படும். ஆகவே குடியேறிய முதல் மாதத்திலேயே அங்குள்ள பங்குத்தந்தையைக் கண்டு குடும்பப் பதிவேட்டில் பெயர் சேர்த்தல் வேண்டும். தமிழ்த் திருப்பலி எந்நேரம், மறைக்கல்வி எம்மொழியில் என்பதையும் அப்போதே கேட்டறியலாம். புறப்படுமுன் சொந்தப் பங்கிலிருந்து பிள்ளைகள் அனைவரின் திருமுழுக்குச் சான்றையும், பெற்றோரின் திருமணச் சான்றையும் வாங்கி வைத்துக்கொள்க. பள்ளிச் சேர்க்கை நாளில் ஒரு தாளுக்காக அத்திப்பள்ளியிலிருந்து கடகத்தூருக்கோ கோவிலூருக்கோ பேருந்து ஏறி வருவது மிச்சமாகும்.