ஆறு வற்றிய ஆண்டு

மழை பெருகினால் நுளம்பு பெருகும், நுளம்பு பெருகினால் காய்ச்சல் பெருகும் என்பது நம்மவர் எல்லோரும் அறிந்த கணக்கு. அந்தக் கணக்கு ஒரு முறை இந்நாட்டிலே தலைகீழாகிப் போயிற்று. 1934ஆம் ஆண்டிலே தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மகா ஓயாவும் தெதுறு ஓயாவும் களனி கங்கையின் மேற்பாகமும் ஓட்டம் ஒடுங்கி, மணலுக்கும் பாறைக்கும் இடையே சிறுசிறு குட்டைகளாய்க் கிடந்தன. வெள்ளம் புரண்டோடும் ஆறுகளையே கண்டு பழகிய கேகாலை, குருநாகல் மாவட்டங்களின் மக்கள் வானத்தைப் பார்த்து ஏங்கினரேயன்றி ஆற்றைப் பார்த்து அஞ்சினாரல்லர்.

அஞ்ச வேண்டியது ஆற்றையேதான். இலங்கையிலே மலேரியாவைப் பரப்பும் நுளம்புக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் அனோபிலிஸ் குலிசிபேசீஸ் என்பது. சாக்கடையும் சேறும் அதற்கு வேண்டா. வெயில் படும் தெளிந்த நீர், அசையாத நீர், அதுவே அதன் தொட்டில். ஏனைய ஆண்டுகளிலே ஆற்று வெள்ளம் அதன் முட்டைகளையும் புழுக்களையும் அடித்துச் சென்றுவிடும். அவ்வாண்டு அடித்துச் செல்ல வெள்ளம் இல்லை. நூறு மைல் நீள ஆற்றுப் படுகை முழுவதும் நுளம்பு வளர்க்கும் பண்ணையாயிற்று.

ஒக்டோபர் மாத இறுதியிலே காய்ச்சல் தலைகாட்டியது. டிசம்பர், ஜனவரி மாதங்களிலே அது உச்சம் தொட்டது. வீட்டுக்கு ஒருவர் என்றில்லாமல், வீடு வீடாக எல்லோரும் ஒருங்கே படுத்தனர். தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் ஆளில்லை. பிணத்தைத் தூக்கவும் தோளில்லை. நாட்டின் சனத்தொகை அக்காலத்திலே ஏறத்தாழ 55 இலட்சம். அவர்களுள் 15 இலட்சம் பேர் வரையிலே நோயுற்றனர். 80,000 பேர் அளவிலே மாண்டனர். 1935ஆம் ஆண்டிலே பிறந்த குழந்தைகளுள் ஆயிரத்துக்கு 263 குழந்தைகள் தம் முதலாண்டைக் காணவில்லை. நான்கிலே ஒன்று என்று சொன்னால்தான் இந்த எண்ணின் பாரம் விளங்கும்.

மலேரியா இந்நாட்டுக்குப் புதிய விருந்தாளியன்று. வன்னியும் அநுராதபுரமும் ஆண்டுதோறும் அதனுடன் வாழ்ந்தவையே. மலேரியாவுக்கு எதிரான அரசாங்க முயற்சி குருநாகலிலே 1911ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. அவ்வாறாயின் இத்துணை அழிவு ஏன்? வரண்ட வலயத்திலே சிறுவயதிலேயே நோயுற்றுப் பிழைத்தவர்களின் உடலிலே ஒருவகை எதிர்ப்புச் சக்தி ஊறியிருந்தது. ஈர வலயத்து மக்களுக்கு அது இல்லை. அதனினும் கொடிய காரணம் ஒன்றுண்டு. உலகப் பொருளாதார மந்தத்தினால் இறப்பரும் தெங்கும் விலை வீழ்ந்து, தோட்டங்களிலே நாட்கூலி பெற்ற கிராமத்தவர் வேலையிழந்திருந்தனர். மழையின்மையால் வயலும் கைவிட்டது. பட்டினியால் வற்றிய உடம்பிலே காய்ச்சல் புகுந்தால் கொயினாத் தூள் தனித்து என்ன செய்யும்? நோயாளி காய்ச்சலிலிருந்து எழுந்தார். எழுந்து நிற்க உணவின்றி மீண்டும் வீழ்ந்தார். நோயின் பெயர் மலேரியா. ஆனால் இறப்புப் பதிவிலே எழுதப்படாத மற்றொரு பெயர் வறுமை என்பதாகும்.

கொள்ளைநோய்கள் சமுதாயத்தைத் திருத்தும் என்று கூறுவோர் உளர். பதினான்காம் நூற்றாண்டிலே ஐரோப்பாவைச் சூறையாடிய கொள்ளைநோயின் பின் இங்கிலாந்திலே உழவுத் தொழிலாளரின் கூலி உயர்ந்தது என்பர். வாந்திபேதி அடுத்தடுத்து வந்ததன் பயனாக இலண்டன் நகரம் பெருங் கழிவுநீர்க் கால்வாய்களைப் பெற்றது என்பர். இவை உண்மையே. ஆயினும் இங்கிலாந்திலே கூலி உயர்ந்ததும் அதனைக் கட்டிப்போட 1351ஆம் ஆண்டிலே அரசு ஒரு சட்டம் இயற்றியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் நாட்டுக்கே வந்தாலும், 1918ஆம் ஆண்டின் நச்சுக் காய்ச்சல் இங்கே பல்லாயிரவரைக் கொன்றது. அதன்பின் எந்தக் கிராமத்திலே என்ன புதிதாய் முளைத்தது என்று கேட்டால் விடை காண்பது அரிது. நோய் வந்து போயிற்று, சுடலையிலே புல் முளைத்தது, அவ்வளவே.

அங்ஙனமாயின், 1918க்கும் 1934க்கும் இடையே நேர்ந்தது யாது? என் எண்ணத்திலே அதற்கு விடை ஒரு சொல்: வாக்கு. 1924ஆம் ஆண்டின் சீர்திருத்தத்தின்படி வாக்களிக்கத் தகுதி பெற்றவர் சனத்தொகையிலே நூற்றுக்கு நால்வர் அளவே. 1931ஆம் ஆண்டிலே டொனமூர் அரசியல் திட்டம் இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் அவ்வுரிமையை வழங்கிற்று. ஆசியாவிலே இது முதன்முதலாக நிகழ்ந்தது இந்நாட்டிலேயாம். (யாழ்ப்பாணத்து வாலிப காங்கிரசார் பூரண சுயராச்சியம் வேண்டும் என்று அத்தேர்தலைப் பகிஷ்கரித்தனர். அதனால் வடக்கின் ஆசனங்கள் நான்கு 1934ஆம் ஆண்டு வரையிலே வெறுமையாகவே கிடந்தன. அப்பகிஷ்காரம் நன்றா தீதா என்பது இன்றும் திண்ணைகளிலே தீராத வழக்கு. இங்கே அதனை விடுவோம்.) கேகாலைக் காட்டோரத்திலே காய்ச்சலோடு கிடந்த கிழவிக்கும் அரசாங்க சபையிலே தன்னை நாடி வர வேண்டிய ஒரு பிரதிநிதி இருந்தார் என்பதே புதுமை.

அரசாங்கம் வாளாவிருந்தது என்று சொல்வது நீதியாகாது. கொயினா விநியோகித்தது, நிவாரண வேலைகளைத் தொடங்கிற்று. ஆனால் மருந்துச்சாலைக்கும் கிராமத்துக்கும் இடையே கிடந்த மைல்களைக் கடக்க ஆட்கள் போதவில்லை. அந்த இடைவெளியிலேதான் சூரியமல் இயக்கத்தினர் நுழைந்தனர். முதலாம் உலகப் போரின் நினைவாக ஆண்டுதோறும் நவம்பர் மாதத்திலே விற்கப்பட்ட பொப்பி மலரின் பணம் பெரும்பாலும் பிரித்தானியருக்கே போகிறது என்று வெறுத்து, நம் நாட்டுப் பூவரசம் பூவை அதற்கு மாற்றாக விற்கத் தொடங்கியவர்கள் இவர்கள். இயக்கத்தின் தலைவியாயிருந்த டொரீன் யங் அம்மையார் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி என்பது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று. பூ விற்ற கைகள் இப்போது மருந்துப் பொதியும் அரிசி மூட்டையும் சுமந்தன. வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, கலாநிதி என். எம். பெரேரா, பிலிப் குணவர்தன முதலியோர், இலண்டனிலும் அமெரிக்காவிலும் கற்றுத் திரும்பிய இளைஞர்கள், தாம் நூல்களிலே படித்த வறுமையைக் கண்ணெதிரே கண்டது அந்தக் குடிசைகளிலேதான்.

அவர்கள் கிராமத்தவருக்குக் கொடுத்த பொருள்களுள் ஒன்று மார்மைட். இன்று கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பாணுக்குப் பூசுவதற்கென்று வாங்கும் அதே கரிய குழம்பு. ‘பியர்’ வடிக்கும் ஆலைகளிலே எஞ்சும் நொதியிலிருந்து எடுப்பது. லூசி வில்ஸ் என்ற பெண் வைத்தியர் சில ஆண்டுகளின் முன்பே பம்பாயிலே ஆலைத் தொழில் செய்த கர்ப்பிணிகளின் இரத்தச்சோகையை இதனைக் கொண்டு தீர்த்துக் காட்டியிருந்தார். காய்ச்சலிலிருந்து மீண்டும் நிற்க முடியாதவர்களை நிற்க வைத்தது கொயினாவுடன் சேர்ந்த இந்தப் போசாக்கே. பெரேராவைக் கிராமத்தவர் ‘பருப்பு மகாத்தயா’ என்றே அழைத்தனர் என்பர். அவர் பங்கிட்டளித்த பருப்பு வாங்கித் தந்த பட்டம் அது. பல்கலைக்கழகம் கொடுத்த பட்டத்தைக் காட்டிலும் அது அவருக்கு அதிகம் பயன்பட்டது என்று சொன்னால் மிகையாகாது.

1935ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் திகதி இந்த இளைஞர் கூட்டம் லங்கா சமசமாஜக் கட்சியாக உருக்கொண்டது. அடுத்த ஆண்டு நடந்த அரசாங்க சபைத் தேர்தலிலே பிலிப் குணவர்தன அவிசாவளையிலும் பெரேரா றுவான்வெல்லையிலும் வென்றனர். இரண்டும் காய்ச்சல் வாட்டிய பிரதேசங்கள். வாக்காளர் மார்க்ஸியத்தை ஏற்றுக்கொண்டனர் என்று நான் நம்பவில்லை. தம் வாசற்படி ஏறி வந்தவரை நினைவு வைத்திருந்தனர். ஏனைய பிரதிநிதிகள் இதனைக் கவனியாமல் இருப்பரா? தம் தொகுதிக்கு ஒரு வைத்தியசாலை, ஒரு மருந்துச்சாலை, ஒரு மருத்துவிச்சி என்று கேட்காத உறுப்பினர் சபையிலே அரிதாயினர். வாக்கு வேண்டும் என்ற ஆசையிலே எழுந்த கட்டடங்கள் என்று சிலர் இகழ்வதுண்டு. எந்த ஆசையிலே எழுந்தாலென்ன? பிரசவ வேதனையிலே துடிக்கும் பெண்ணுக்குக் கட்டில் கிடைத்தது.

வித்து முன்பே ஊன்றப்பட்டிருந்தது என்பதையும் மறக்கலாகாது. 1926ஆம் ஆண்டிலே களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டது. நோய் வந்தபின் மருந்து கொடுக்கும் வைத்தியருக்கு அப்பால், வீடு வீடாகச் சென்று கிணற்றையும் மலசலகூடத்தையும் கர்ப்பிணிகளையும் சிசுக்களையும் கவனிக்கும் ஒரு கூட்டத்தை ஒரு சிறு பிரதேசத்துக்குப் பொறுப்பாக வைப்பது இதன் முறை. சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்ப மருத்துவிச்சி என்று இன்று நாம் அறிந்த பெயர்களெல்லாம் இந்த முறையிலே வந்தவை. கொள்ளைநோய்க்கு முன் மெல்ல ஊர்ந்த அம்முறை, அதன்பின் நாடெங்கும் விரைந்து பரவிற்று. சிசு மரணம் 1947ஆம் ஆண்டிலே ஆயிரத்துக்கு 101 ஆயிற்று. இன்று அது பத்துக்கும் அப்பால் இறங்கிவிட்டது. 1930களிலே இலட்சம் பிரசவங்களுக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். இன்று ஐம்பதுக்கும் குறைவு. நம்மிலும் செல்வம் மிகுந்த நாடுகள் பல இந்தக் கணக்கைக் கண்டு வியக்கின்றன.

இவ்விடத்திலே பேனா சற்றே தயங்குகிறது. வாக்கு வைத்தியசாலையைக் கொண்டுவந்தது என்றால், வாக்கில்லாதவருக்கு எது வந்தது? மலைநாட்டுத் தோட்டங்களிலே வாழ்ந்த நம் தமிழ் மக்களுக்கு மருத்துவம் செய்யும் பொறுப்பு தோட்டத் துரைமாரிடமே விடப்பட்டிருந்தது. லயன்களின் ஓரத்திலே ஒரு மருந்துச்சாலை. பெரும்பாலும் அதனோடு சரி. வாக்குரிமையிலும் அவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதற்கடுத்த ஆண்டின் தேர்தல் திருத்தமும் இருந்த சிறிதையும் பறித்தன. கிராமத்திலே சிசு மரணம் சரிந்துகொண்டே போக, தோட்டத்திலே அது எழுபதுகள் வரையிலும் நாட்டின் சராசரியைவிட மிக உயர்ந்தே நின்றது. ஒரே மலை, ஒரே மழை; பாதையின் இப்புறம் கிராமம், அப்புறம் தோட்டம். 1934இன் துயரத்திலிருந்து விளைந்த நன்மை அந்தப் பாதையைக் கடக்க நாற்பது ஆண்டுகள் தயங்கிற்று. கொள்ளைநோயின் நற்பயன்களைப் பாடும் நூல்கள் இந்தப் பாதையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

மலேரியாவின் பிற்காலக் கதை பலரும் அறிந்ததே. 1946ஆம் ஆண்டிலே டி.டி.ரி. தெளிப்பு நாடு முழுவதும் தொடங்கியது. 1963ஆம் ஆண்டிலே நோயாளரின் எண்ணிக்கை 17 ஆயிற்று. பகைவன் இறந்தான் என்று மகிழ்ந்து தெளிப்பை நிறுத்தினர். 1969ஆம் ஆண்டிலே ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் மீண்டும் நோயுற்றனர். பின்னர் போர்க்காலத்தின் இடர்களுக்கிடையிலும் முயற்சி தளராமல் தொடர்ந்தது. 2012ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்துக்குப் பின் இந்நாட்டிலேயே தொற்றிய நோயாளர் எவரும் காணப்படாமையால், 2016ஆம் ஆண்டு செப்டெம்பரிலே இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கிற்று.

2020ஆம் ஆண்டிலே கொரோனா வந்தபோது நோயாளரைத் தேடி ஒழுங்கை ஒழுங்கையாக அலைந்தவர் யார்? களுத்துறையிலே தொடங்கிய அந்தப் பரிசோதகர் பரம்பரையினரே. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முந்திய துயரம் ஊருக்கு ஊர் வைத்துச் சென்ற காவலர் அவர்கள். ஆனால் அதே 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், நோயால் இறந்த முஸ்லிம்களின் உடல்களையும் எரித்தே தீர வேண்டும் என்ற விதி பிறந்தது. 2021ஆம் ஆண்டு பெப்ரவரி மாத இறுதி வரையிலே அது நீங்கவில்லை. அடக்கம் செய்வதாலே நோய் பரவாது என்று உலக சுகாதார நிறுவனம் கூறியும் பயனில்லாமற் போயிற்று. பிள்ளையின் உடலுக்காகக் கைகூப்பி நின்ற பெற்றோருக்கு, கொள்ளைநோய் மனிதரை உயர்த்தும் என்று எவர் சென்று கூறுவார்?

சான்றிதழ் வந்த அதே 2016ஆம் ஆண்டு டிசம்பரிலே மன்னாரிலே ஒரு புதிய நுளம்பு பிடிபட்டது. அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்று பெயர். இந்திய நகரங்களிலே மலேரியாவைப் பரப்புவது இதுவே. அடுத்த ஆண்டிலே யாழ்ப்பாணத்திலும் கண்டனர். ஆற்றுக் குட்டையை நாடிய பழைய பகைவனைப் போலன்றி, இது கிணற்றிலும் தொட்டியிலும் முட்டையிடும். கிணறில்லாத வளவு நம் பகுதியிலே ஏது? மன்னாரிலே சுகாதாரப் பகுதியினர் கிணறு கிணறாகச் சென்று, துலாவையும் கப்பியையும் விலக்கிவிட்டு எட்டிப் பார்த்தனர். புழுக்களைத் தின்னும் மீன்குஞ்சுகளைக் கொணர்ந்து உள்ளே விட்டனர். குடிக்கும் தண்ணீரிலே மீனா என்று முகம் சுளித்த வீட்டார் சிலர் இருந்திருப்பர். அவர்களிடம் 1934ஆம் ஆண்டின் கதையை எவரேனும் சொல்லியிருந்தால், மீனுக்கு ஒரு பிடி சோறும் போட்டிருப்பார்கள்.