ஏற்பி–லிகண்டுப் பிணைப்பை அறிவதில் அகச்சிவப்பு நிறமாலையியல்: இமிடாகுளோப்ரிட்டை முன்வைத்து

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மானாவாரிக் கரிசல் நிலங்களில் பருத்தி முதன்மைப் பயிர்களுள் ஒன்று. அதன் சாற்றை உறிஞ்சும் அசுவினி, தத்துப்பூச்சி ஆகியவற்றுக்கு எதிராகப் பயன்படும் இமிடாகுளோப்ரிட், பூச்சியின் நரம்புச் செல் சவ்விலுள்ள நிக்கோட்டினிக் அசிட்டைல்கோலின் ஏற்பியுடன் பிணைகிறது. அதே குடும்பத்து ஏற்பி, மருந்து தெளிப்பவரின் தசையிலும் நரம்பிலும் உண்டு. ஆயினும் அங்கு இதன் பிடிப்பு மிகக் குறைவு. இவ்வேறுபாட்டை மூலக்கூறு அளவில் எவ்வாறு காண்பது?

கதிரியக்கக் குறியீட்டு முறை பிணைப்பின் வலிமையை அளந்து தரும். பிணைந்தபின் ஏற்பியின் வடிவம் எவ்வாறு மாறுகிறது என்பதைக் கூறாது. அகச்சிவப்பு நிறமாலையியலின் தேவை இங்கேதான் எழுகிறது. புரதத்தின் பெப்டைடு பிணைப்புகள் 1600 முதல் 1700 செ.மீ⁻¹ வரையிலான அலை எண்களில் வலுவாக உறிஞ்சுகின்றன. மடிப்பு மாறினால் அவ்வுறிஞ்சலும் சற்று நகரும். இடர்ப்பாடு யாதெனில், நீரும் ஏறத்தாழ 1640 செ.மீ⁻¹ இல் உறிஞ்சுகிறது. எனவே சவ்வை ஜெர்மானியப் படிகத்தின்மீது மெல்லிய படலமாகப் படியவைத்து, முழு அக எதிரொளிப்பின்வழி ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைந்த ஆழத்தையே அளப்பர். தாங்கல் கரைசலை லிகண்டு இன்றியும் லிகண்டுடனும் மாறி மாறிச் செலுத்தி, ஒரு நிறமாலையிலிருந்து மற்றதைக் கழித்தால், மாற்றமுற்ற பிணைப்புகளின் சுவடே எஞ்சும். படலம் கலையாதிருப்பதே இதில் பாதி வெற்றி.

பேன்சிகர், மில்லர், ராத்சைல்டு ஆகியோர் மின் திருக்கையின் ஏற்பியில் கார்பமைல்கோலின் விளைவிக்கும் மாற்றங்களை 1993இல் இவ்வாறு வெளியிட்டனர். அம்மீனின் மின்னுறுப்பில் ஏற்பி மிகுதியாக இருந்ததே அதற்கு வழிவகுத்தது. பூச்சியின் ஏற்பியை அவ்வளவில் பெறுதல் அரிது. ஆகவே, இமிடாகுளோப்ரிட்டின் நைட்ரோ தொகுதியைப் பூச்சி ஏற்பியின் நேர்மின் அமினோ அமிலம் ஈர்க்கிறது என்னும் விளக்கம், பெரிதும் நத்தைப் புரதப் படிகங்களையும் திடீர்மாற்றச் சோதனைகளையுமே சார்ந்துள்ளது. அவ்வீர்ப்பைச் சவ்விலேயே, நைட்ரோ தொகுதியின் அதிர்வு நகர்வாகக் காண்பது அடுத்துச் செய்யத்தக்க சோதனையாகும்.