கம்பியில்லா வீடா? செஞ்சிக் கோட்டையைக் கேளுங்கள்!

ரிட்டயர் ஆனதும், கரன்ட் கம்பியும் குழாய்த் தண்ணீரும் வராத நிலத்தில் வீடு கட்டிக் குடியேற ஆசையா? சோலார் விலையை விசாரிக்கும் முன் செஞ்சிக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

1690-ல் முகலாயப் படை முற்றுகையிட்ட கோட்டை, 1698-ல்தான் விழுந்தது. மூன்று குன்றுகளை இணைக்கும் மதில் மட்டுமா காரணம்? உள்ளேயே சுனை, குளம், கனத்த சுவர் வைத்த நெற்களஞ்சியம்! கல்யாண மகால் மாடிக்குச் சுடுமண் குழாயில் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறார்கள். மோட்டார் ஏது?

உங்களுக்கும் முதல் கேள்வி தண்ணீர்தான். கீற்றுக்கூரை குளுகுளுவென்றிருக்கும்; ஆனால் அதில் வடியும் மழைநீர் குடிக்க உதவாது. தகரக் கொட்டகையோ பகலில் அடுப்பு! கான்கிரீட் தளம் பகல் சூட்டை வாங்கி வைத்து ராத்திரி திருப்பித் தரும், வயசானவர்கள் தூங்கினாற்போலத்தான். என் ஓட்டு, கனத்த மண்சுவரும் சீமை ஓடும் உள்ள வீட்டுக்கே (ஓட்டுக்கு ஓட்டு!). ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஆண்டுக்கு 1,000 மி.மீ. மழை பெய்தால் சுமார் 90,000 லிட்டர். பாதி வீணானாலும் நான்கு பேர் குடிக்க, சமைக்க வருஷம் முழுக்கத் தாராளம். முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சுங்கள். தொட்டியை இறுக மூடுங்கள். டெங்கு கொசுவுக்கு நல்ல தண்ணீர்தான் பிடிக்கும்.

அப்புறம் சோலார். வீட்டில் இன்சுலின் போடுபவர் இருந்தால், ஃபேனுக்கு முன்னால் ஃபிரிட்ஜுக்குப் பேட்டரி கணக்குப் போடுங்கள். பாம்புக்கடிக்கு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிஷம் ஆகும் என்பதையும் பத்திரம் பதியும் முன்பே பார்த்துவிடுங்கள்.