சளியை விடுங்கோ, அதன் தடிப்பைப் பாருங்கோ

பலெர்மோவில் எங்கட சனத்தில் கனபேருக்குச் சோறு போடுவது வீட்டுவேலையும் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலையும்தான். நானும் அதில்தான் இருக்கிறேன். ஒரு நொன்னா இரவில் இருமத் தொடங்கினால் எங்களுக்கு வரும் முதல் யோசனை, "எப்படியாவது இருமலை நிப்பாட்ட வேணும்" என்பதே. அந்த யோசனையே சில நேரம் ஆபத்து.

சளி எங்கள் எதிரி இல்லை. மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் உண்டு. அவை செக்கனுக்கு 10 தடவைக்கு மேல் அடித்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியைத் தொண்டைக்கு ஏற்றுகின்றன. வேகம் நிமிடத்துக்குச் சில மில்லிமீற்றர்தான். மேலே வந்ததை எங்களை அறியாமலே விழுங்கிவிடுகிறோம்.

நல்ல சளியில் சுமார் 97 வீதம் தண்ணீர். அது குறைந்து சளி தடித்தால், மயிரிழைகளை அழுத்திப் படுக்க வைத்துவிடும். பிறகு மிச்சம் இருக்கும் வழி இருமல் ஒன்றுதான். அதையும் பாணி மருந்தால் அடக்கினால், தேங்கிய சளியில் கிருமி பெருகும்; நியூமோனியா வரலாம்.

இதன் கொடிய வடிவம் 'சிஸ்டிக் பைப்ரோசிஸ்' என்ற பரம்பரை நோய். ஐரோப்பிய வம்சாவளியினரிடம் கூடுதலாகக் காணப்படுவது. அதற்குக் காரணமான மரபணுவை 1989இல் கண்டுபிடித்தார்கள். கலங்களில் உப்பு போய்வரும் வாசல் பழுதாவதால் தண்ணீரும் வராது, சளி பசையாகிவிடும். ஆஸ்திரேலியாவில் கடலலையில் சறுக்கி விளையாடும் நோயாளிகளுக்குச் சுவாசம் இலகுவாக இருப்பதை மருத்துவர்கள் கவனித்தார்கள். 7 வீத உப்புநீரை ஆவியாக்கிச் சுவாசிப்பது உதவுகிறது என்று 2006இல் ஆய்வு முடிவு வந்தது. திராப்பனி உப்பளத்தில் விளைகிற அதே உப்புத்தான், தண்ணீரை இழுத்துச் சளியை இளக்குகிறது. அதற்காக வீட்டில் கரைத்துச் செய்து பார்க்க வேண்டாம். சிலருக்கு மூச்சுக்குழாய் இறுகிவிடும்.

கொத்தமல்லித் தண்ணியும் சூடான சூப்பும் தொண்டைக்கு இதம்தான். ஆனால் குடங்குடமாகக் குடித்தாலும் தடித்த சளி கரைந்துவிடாது. இருதயம், சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

எங்களால் முடிந்தது வேறு: நொன்னாவை நிமிர்த்தி இருத்துங்கோ, நாலு அடி நடக்க வையுங்கோ, சளியோடு வரும் இருமலை மருத்துவரைக் கேளாமல் அடக்காதேங்கோ. சளி நிறம் மாறினால், காய்ச்சலோ மூச்சிரைப்போ வந்தால், விடியும்வரை பார்த்திருக்காமல் 112ஐ அழையுங்கோ. மொழி தடுமாறினாலும் பரவாயில்லை, பிந்தினால்தான் பிரச்சினை.