பனியன் துணியும் அணுஜீவிகளும்

கண்ணுக்குப் புலப்படாத அணுஜீவிகள் யாவும் வியாதியை உண்டாக்குபவை என்ற எண்ணம் ஜனங்களிடையே வேரூன்றியிருக்கிறது. 1884-ஆம் வருஷத்தில் ராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய வைத்தியர், கல்கத்தாவில் ஒரு குளத்து ஜலத்தில் வாந்திபேதிக் கிருமியைக் கண்டறிந்தார். அது போன்ற ஆராய்ச்சிகளால் இவ்வெண்ணம் வலுப்பெற்றது இயல்பே. ஆயினும் இட்லி மாவைப் புளித்துப் பொங்கச் செய்பவையும், பாலைத் தயிராக்குபவையும், நிலக்கடலைச் செடியின் வேர் முடிச்சுகளில் தங்கி ஆகாயத்திலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உரமாக்கித் தருபவையும் இக்கூட்டத்தைச் சேர்ந்தவையே. சோளத்துடன் தட்டைப்பயறு கலந்து விதைக்கும் குடியானவர் இவற்றின் உழைப்பைக் கூலியின்றிப் பெறுகிறார்.

ஒரே ஜீவி ஓரிடத்தில் நாசகாரியாகவும் மற்றோரிடத்தில் வேலையாளாகவும் இருக்கக்கூடும் என்பதற்குத் திருப்பூர்ப் பனியன் தொழிலிலேயே தக்க உதாரணம் உண்டு. இரண்டாவது உலக யுத்தத்தின்போது தென் பஸிபிக் தீவுகளில் தங்கிய அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்களும் உடைகளும் இற்றுப்போயின. காரணத்தை ஆராய்ந்தவர்கள் சாலமன் தீவுகளிலிருந்து ஒரு பூஞ்சணத்தைப் பிரித்தெடுத்தனர். பிற்காலத்தில் ‘டிரைகோடெர்மா ரீஸி’ என்று பெயரிடப்பட்ட அது, பருத்தி நாரைக் கரைத்துச் சர்க்கரையாக்கும் ‘செல்லுலேஸ்’ என்ற என்ஸைமைச் சுரக்கிறது. கூடாரத்தை அரித்த அவ்வகை என்ஸைமே இன்று திருப்பூர்ப் பட்டறைகளில் ‘பயோ வாஷ்’ என வழங்கும் வேலையைச் செய்கிறது.

பின்னல் துணியின் மேற்புறத்தில் பஞ்சு நுனிகள் நீட்டிக்கொண்டிருக்கும். சில சலவைகளுக்குப் பின் அவை சுருண்டு சிறு உருண்டைகளாகித் துணியைப் பழையதாகக் காட்டும். சற்றே புளிப்பான, சுமார் 50 முதல் 55 டிகிரி சூடுள்ள ஜலத்தில் என்ஸைம் சேர்த்துத் துணியைப் புரட்டினால், அந்நுனிகள் பலமிழந்து உராய்வில் உதிர்ந்துவிடும். வேலை முடிந்ததும் 80 டிகிரி வரை சூடேற்றியோ, சோடா உப்பினால் காரமாக்கியோ என்ஸைமை அடக்கிவிட வேண்டும். தவறினால் அது இழையையே அரிக்கத் தொடங்கும். துணி எடை குறைந்து நைந்துபோகும். கடிகாரத்தையும் சூட்டையும் மேஸ்திரி விடாமல் பார்ப்பது வீண் கெடுபிடி அன்று.

வெளுத்த துணியில் தங்கும் ஹைட்ரஜன் பெராக்ஸைடை ஜலமாகவும் பிராணவாயுவாகவும் பிரித்துவிடும் ‘கேட்டலேஸ்’ என்ற மற்றோர் என்ஸைமும் உண்டு. அதனால் அலசும் ஜலம் மிச்சமாகிறது.

சாயக்கழிவைச் சுத்திகரிக்கும் நிலையங்களிலும் காற்றூட்டிய தொட்டிகளில் பாக்டீரியாக்கள் வளர்க்கப்படுகின்றன. கஞ்சி, சோப்பு முதலிய மக்கும் வஸ்துக்களை அவை தின்று தீர்க்கும். சாயங்களில் ஒரு பகுதியையும் சிதைக்கும். உப்பை மட்டும் தின்று தீர்க்கும் கிருமி கிடையாது. பருத்தியில் சாயம் பற்றுவதற்கு உப்பு ஏராளமாகச் சேர்க்கப்படுகிறது. அந்த உப்பே நொய்யலில் கலந்து, 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழ்ப்பகுதிக் கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவை வெளியே விடாமல், ஜலத்தையும் உப்பையும் பிரித்து மீட்கும் சாதனங்களை அமைத்த பின்னரே அவை படிப்படியாகத் திறக்கப்பட்டன. ஆதலால் பாக்டீரியாத் தூளை ஊற்றினால் கிணற்று உப்பு நீங்கும் என்று எவரேனும் விற்க வந்தால், அங்கத்தினர்கள் சங்கப் பணத்தை அதில் இறக்க வேண்டியதில்லை.

மற்றோர் அபாயம் இதனினும் கொடிது. காற்றுப் புகாத கழிவுத் தொட்டியின் சேற்றில், பிராணவாயு இன்றியே வாழும் சில பாக்டீரியாக்கள் உண்டு. சாயத்துடன் சேர்க்கும் கிளாபர் உப்பிலுள்ள கந்தகத்தை அவை ஹைட்ரஜன் ஸல்பைடு என்ற விஷ வாயுவாக மாற்றுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் வரும். வாயு மிகுந்தால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. நாற்றம் இல்லை என்று நம்பி இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கிய அடுத்தவரும் சேர்ந்து மாண்டதுண்டு. உள்ளே எவரேனும் மயங்கி விழுந்தால் மற்றவர் இறங்காமல், 101-ஐ அழைத்து, சுவாசக் கருவியுடன் தீயணைப்புப் படையினர் வரும்வரை மூடிகளைத் திறந்து வைத்து விலகி நிற்க வேண்டும்.